இப்போதைக்கு ஒழுகல

எங்கள் பிளம்பரிடமிருந்து ஒரு "ஆமாம்" வாங்குவதற்குள் எனக்கு உயிரே போய்விடும்.

"அண்ணே, வேலை முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்ச மாதிரிதாங்க இருக்குது."

"ஒழுகாதுல்ல?"

அவர் குனிந்து, குழாயும் எல்போ வளைவும் சேருகிற இடத்தைச் சுற்றி உள்ளங்கையை வைப்பார். கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து நின்று, கோர்ட்டில் சாட்சி சொல்பவர்போல நிதானமாகச் சொல்வார்: "இப்போதைக்கு ஒழுகலங்க."

"இனிமே?"

"இனிமே நடக்கறத நான் எப்படிங்க சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் விருத்தாசலம் ஜங்ஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு "கன்ஃபார்ம் ஆயிடுமாம்மா?" என்று கேட்கிறவர்களிடம் "ஆயிடும், போங்க" என்று தினமும் சொல்லியே பழகியவள். ஆகுமா ஆகாதா என்று எனக்கும் தெரியாதுதான். சொன்னால் அவர் நகர்வார், அவர் நகர்ந்தால் அடுத்தவர் வருவார். மனுஷருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்பது என் கட்சி. இவரோ அந்த ஒரு வார்த்தையைக் கெஞ்சினாலும் தரமாட்டார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருந்தோம். அதை மாட்டிய ஆள் சாதாரண பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, "ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது மேடம்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனான். சித்திரை வெயிலில் கொதித்த தண்ணீர் இறங்கியதும் குழாய் புடலங்காய் மாதிரி வளைந்து தொங்கிவிட்டது. வளைகுடாவில் இருக்கும் என் கொழுந்தன் போனில் "தாமிரக் குழாய் போடுங்க அண்ணி" என்றான். குழாயைப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்துவிட்டோம். ஆனால் பற்றவைக்க ஆள் இல்லை. ஊரில் இருந்த பிளம்பர்கள் எல்லாம் பசை தடவி ஒட்டுகிறவர்கள். கடைசியில் ஹார்டுவேர் கடைக்காரர்தான் சொன்னார்: "பாலக்கரைப் பக்கம் ஒருத்தர் இருக்காரு. கத்தார்ல இந்த வேலைதான் பாத்தாரு. கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் ஒரு மாதிரி."

வாய் கெட்ட மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். அது அப்படியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. கட்டரைக் குழாயில் மாட்டிச் சுற்றிச் சுற்றி அறுப்பார். அறுத்த வாயின் உட்புறப் பிசிறைச் சீவி எடுப்பார். உப்புத்தாளால் குழாயின் முனையைத் தேய்ப்பார். பழுப்பேறிய தாமிரம் தேய்த்த செப்புக் குடம்போலப் பளபளக்கும் வரை விடமாட்டார். அதன்பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது. ஒருமுறை நான் தொட்டுப் பார்த்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து தேய்த்தார்.

"ஒரு விரல் பட்டா என்னாயிடப் போவுதுண்ணே?"

"ஒண்ணும் ஆவாமலும் இருக்கலாங்க. கையில எண்ணெப் பசை இருக்கும். ஈயம் அங்க மட்டும் புடிக்காம போனாலும் போவும்."

ஈயம் பிடிக்க உதவும் பேஸ்ட்டைத் தடவி, எல்போவைச் செருகி, கேஸ் டார்ச்சைப் பற்றவைப்பார். நெருப்பை ஈயத்தில் காட்டமாட்டார், குழாயில்தான் காட்டுவார். பேஸ்ட் கொதித்துப் பொரியும். சரியான நேரம் பார்த்து நெருப்பை விலக்கி, ஈயக் கம்பியின் நுனியை இணைப்பில் வைத்தால் போதும், அது உருகி உள்ளே ஓடிவிடும். கீழே இருந்து மேலேகூட ஏறும். ஒரு சுற்று வெள்ளி வளையம் தெரிந்ததும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான். அப்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைப் பார்த்து ஏமாந்துதான் நான் ஒவ்வொரு முறையும் "சூப்பர்ணே, இனி கவலையில்ல" என்று சொல்லி மாட்டிக்கொள்வேன்.

"கவலையில்லன்னு நான் சொல்லலிங்க."

சோதனையும் அவருடைய பாணிதான். குழாய் முழுக்கத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு காகிதத்தைச் சுற்றி நூலால் கட்டிவைப்பார். மறுநாள் காலையில் வந்து பிரித்துப் பார்ப்பார். காகிதம் துளி நனைந்திருந்தாலும் கறை காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு தினக் காலண்டர் தாள்தான் வேண்டும் என்பார். அந்த மெல்லிய தாள் சீக்கிரம் ஈரத்தைக் குடிக்குமாம். எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒரு மாதத்துத் தாள் அப்படிப் போனது. குளியலறைக்குள் போனால் ஒரு எல்போவில் அமாவாசை, இன்னொன்றில் சுபமுகூர்த்தம். என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே குழாயில் ராசிபலன் படித்தார்.

இந்த வேலையில் தண்ணீர்தான் எதிரி. குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் சூடு ஏறாது, ஈயம் பிடிக்காது. அடுத்த வருஷம் ஒரு கிளை இழுக்க வேண்டி வந்தபோது, மாடி வால்வு பழசாகி முழுசாக மூடாமல், குழாய்க்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அவர் யோசித்துவிட்டு, "மேடம், ஒரு வெறும் பன்னு வாங்கியாரச் சொல்லுங்க" என்றார்.

பசிக்கிறது போலிருக்கிறது என்று நான் டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் பன்னைப் பிய்த்து உருட்டிக் குழாய்க்குள் திணித்தார். அது கசியும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். அதற்குள் இணைப்பைப் பற்றவைத்துவிட வேண்டும். பிறகு தண்ணீரைத் திறந்தால் பன் கரைந்து குழாய் வழியே வெளியே வந்துவிடும். கத்தாரில் ரொட்டித் துண்டைத் திணிப்பார்களாம்.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது வெறும் பன் இல்லை, செர்ரிப் பழம் வைத்த பன். "வெறும் பன்னுல என்ன ருசி இருக்கும், பாவம், வேலை செய்யிற மனுஷன்" என்று இரக்கப்பட்டு வாங்கினாராம். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் நூல்போல வந்தது. நான் போன் செய்வதற்குள் அவரே வந்து நின்றார். "கரையாத எதாவது உள்ள போயிருக்குமோன்னு ரெண்டு நாளா மனசுல அரிச்சிக்கிட்டே இருந்துச்சு" என்றார். குழாயின் வாயைக் கழற்றித் தட்டினார். சிவப்பாக மூன்று துண்டு உள்ளங்கையில் விழுந்தது.

"வாங்கியாந்தது இவருதானேண்ணே" என்று நான் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்தேன்.

"திணிச்சது நான்தாங்க. பாத்துட்டுத் திணிச்சிருக்கணும்."

இதைச் சொல்லியே ஆகவேண்டும்: அவர் வேலையில் கோளாறு வந்தது அரிது. வந்தாலும் கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிடுவார். ஆனாலும் ஊரில் அவருக்கு வேலை குறைவு. மங்கலம்பேட்டையில் வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் பெரிய வீடு கட்டி, குடிபோகிற அன்று விருந்து வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டி, "நம்ம பிளம்பர் போட்டது. நாப்பது வருசத்துக்கு அசையாது. என்னண்ணே?" என்று பெருமையாக அவர் தோளில் கை போட்டார். இவர் பிரியாணித் தட்டோடு நின்றபடி, "இன்னைக்கி வரைக்கும் அசையல பாய்" என்றிருக்கிறார். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா வாயை வைப்பது என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தத் தெருவில் அடுத்து எழும்பிய வீட்டுக்கு அவரைக் கூப்பிடவில்லை.

"கத்தாருக்குப் போறதுக்கு முன்னாடியே அவரு இப்படித்தான்" என்றார் அவர் மனைவி ஒருநாள். கவுன்ட்டருக்கு டிக்கெட் எடுக்க வந்து, பேச்சு வளர்ந்து, எனக்கு நெருக்கமாகிவிட்ட பெண்மணி. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: சின்ன வயதில் இவர் இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் சரக்கு பார்க்கிற வேலையில் இருந்திருக்கிறார். சூளையிலிருந்து வரும் கப்பு சாசர்களை விரலால் சுண்டி, சத்தம் கேட்டு, நல்லது என்று முத்திரை குத்தவேண்டும். ஒருமுறை அவர் முத்திரை குத்திய ஒரு லோடு சரக்கு கிடங்கில் இருந்தபடியே, ஒரு வாரம் கழித்து மேல் மெருகில் மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டுவிட்டது. அவர் சுண்டியபோது எல்லாம் கணீரென்றுதான் கேட்டிருக்கிறது. மண் கலவையில் கோளாறு என்று முதலாளியே சொல்லிவிட்டார். யாரும் இவரைத் திட்டக்கூட இல்லை.

"யாராவது திட்டியிருந்தா சரியாப் போயிருக்கும் மேடம். 'நான் நல்லதுன்னு சொன்னேனே, நான் நல்லதுன்னு சொன்னேனே'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அதோட அந்த வார்த்தைய வுட்டாரு."

இதை அந்தம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. மூக்கும் முழியுமாக லட்சணமான பெண். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வரும். பன்னிரண்டு வயதில் நின்றது. பிறகு பதினாலு வருஷமாக வரவில்லை; மாத்திரையையும் டாக்டர் எப்போதோ நிறுத்திவிட்டார். பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பேச்சுக்குக் கேட்டார்கள். எல்லாரும் கேட்கிற கேள்வி, எல்லாரும் "இல்லை" என்று சொல்கிற பதில். இவர் முழுக் கதையையும் சொல்லி, முடிவில் "இதுவரைக்கும் திரும்ப வரல. இனிமே வராதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றிருக்கிறார். இரண்டு இடமும் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனதோடு சரி.

"பொண்ணு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல மேடம். ஆனா போன வாரம், 'அடுத்த தடவ யாராவது வந்தா அப்பாவ வேலைக்கு அனுப்பிடும்மா'ன்னா. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. எனக்கு வயிறு எரிஞ்சிபோச்சு."

நான் சும்மா இருப்பேனா? எனக்குத் தெரிந்த ஒரு பையன் ரயில்வேயில் டெக்னீஷியனாக இருந்தான். கருவேப்பிலங்குறிச்சிக்காரன். அப்பா இல்லை, அம்மா தனியாளாகக் கரும்பும் நெல்லும் பயிர் வைத்து அவனைப் படிக்க வைத்தவர். பையனுக்கும் அவளுக்கும் போட்டோவைக் காட்டினேன், பிடித்துவிட்டது. இரண்டு பேரும் போனில் இரண்டு மூன்று முறை பேசினார்கள், அதுவும் பிடித்துவிட்டது. "பொண்ணு தங்கம். ஒரு குறையும் கெடையாது" என்று அந்த அம்மாவிடம் நான் அடித்துச் சொல்லிவிட்டேன். கவுன்ட்டரில் சொல்லிப் பழகிய வாய்தானே.

மிச்சமிருந்தது பெண்ணின் அப்பா வாய்தான். நானும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அவரிடம் பதினொன்றரை என்று சொல்லிவிடுவது. ஒன்பதரைக்கு என் வீட்டுக்காரர் அவருக்குப் போன் போட்டு, "மாடியில குழாய் ஒழுகுது, உடனே வாங்க" என்று கூப்பிட்டுக்கொள்வது. அவர் ஒழுகலைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் தட்டு மாற்றிவிடுவது. மற்றதைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போன் வந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் கிளம்பிவிட்டார். "ஒழுகுதாமே" என்று பதறிக்கொண்டுதான் போனார். அங்கே என் வீட்டுக்காரர், காட்சி பொருத்தமாக இருக்கவேண்டுமென்று ஒரு சொம்புத் தண்ணீரை இணைப்பின்மேல் ஊற்றி வைத்திருந்தார். அவர் தண்ணீரைத் துடைத்தார். காலண்டர் தாள் ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் காபி கொடுத்தார், பேப்பர் கொடுத்தார், அரசியல் பேசினார். அரைமணி கழித்து அவர் தாளைப் பிரித்தார். அது மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

"சார், இது உள்ளேர்ந்து வந்த தண்ணி இல்லிங்க. யாரோ மேல ஊத்துனது." அவர் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்திருக்கிறார். "எதுக்குங்க ஊத்துனீங்க?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. அதனால்தான் வீட்டில் அந்த இலாகாவை நான் வைத்திருக்கிறேன்.

இங்கே அவர் வீட்டுக் கூடத்தில் எல்லாம் கனிந்துகொண்டிருந்தது. பையனின் அம்மா கேசரியைப் புகழ்ந்தார். பையன் தலையைக் குனிந்தபடி அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தம்மா பேச்சோடு பேச்சாக, "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். நான் "அதெல்லாம் ஒரு..." என்று ஆரம்பித்தேன். வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது.

கருகிய கறையோடு வேலைச் சட்டையிலேயே உள்ளே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. டார்ச்சுப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, கைகூப்பி, "வாங்க, வாங்க. லேட்டாயிடுச்சு, மன்னிச்சிக்கணும். ஏதோ கேட்டுக்கிட்டு இருந்தீங்களே?" என்றார்.

அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். பையனின் அம்மா மறுபடி கேட்டார். அவர் சொன்னார். வலிப்பு வந்தது, வயது, மாத்திரை, நின்றது, எல்லாவற்றையும். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது மட்டும் அவர் பார்வை அறைப் பக்கம் போனது. அறைக் கதவுக்குப் பின்னால் மகள் நிற்பது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தைதான். "வராதுங்க" என்றால் முடிந்தது. அவருக்கு அந்த வார்த்தையைச் சொல்லவேண்டும்போல இருந்தது என்பதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு அவர்மேல் எனக்கு நிஜமான கோபம் வந்ததில்லை.

"இனிமே வராதுன்னு... எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

பையனின் அம்மா முதலில் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. பிறகு மகனைப் பார்த்தார். அவன் இப்போது தலையைக் குனியவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தம்மா கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். போச்சு, எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒருவேள வந்துச்சுன்னா நாங்க என்ன செய்யணும்? எங்க ஊருல கையில சாவிக்கொத்து குடுப்பாங்க. அதானே?"

அறைக் கதவு திறந்தது. புடவை கட்டி, பூ வைத்து, கூப்பிட்ட பிறகுதான் வரவேண்டிய பெண், கூப்பிடாமலே வந்து நின்றாள்.

"சாவில்லாம் குடுக்கக் கூடாதுங்க. வாயிலயும் எதுவும் வெக்கக் கூடாது. அமுக்கிப் புடிக்கக் கூடாது. சுத்தியிருக்கற சாமானத் தள்ளி வெச்சிட்டு, தலைக்கு மெத்துன்னு எதாவது குடுத்து, ஒருக்களிச்சிப் படுக்க வெக்கணும். கடிகாரத்தப் பாக்கணும். அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடணும். தானா நின்னுட்டா பயப்பட வேணாம், பக்கத்துலயே இருந்தா போதும்."

லேப்பில் ரிப்போர்ட் படிப்பதுபோலத்தான் சொன்னாள். கடைசி வரியில்தான் பையனைப் பார்த்தாள்.

"சாவி குடுக்கக் கூடாதா!" என்று அந்தம்மா வாயில் கை வைத்தார். "எங்க ஓரகத்தி மவனுக்கு இத்தன வருசமா சாவிதானே குடுத்துக்கிட்டு இருந்தோம்." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "டேய், கேட்டுக்கிட்டியா? நீதான் கூட இருக்கப்போறவன். எங்க, திருப்பிச் சொல்லு பாக்கலாம்."

பையன் எழுந்து நின்றான். ஸ்கூலில் ஒப்பிப்பதுபோலக் கைகட்டிக்கொண்டு, அவளைப் பார்த்தே சொன்னான். "சாவி குடுக்கக் கூடாது. வாயில எதுவும் வெக்கக் கூடாது. அமுக்கக் கூடாது. சாமானத் தள்ளி வெக்கணும். தலைக்கு மெத்துன்னு குடுக்கணும். ஒருக்களிச்சிப் படுக்க வெக்கணும். மணி பாக்கணும். அஞ்சு நிமிசம். பக்கத்துலயே இருக்கணும்."

அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான். அந்தக் கூடத்தில் கண் கலங்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பையனையே கவனித்தபடி இருந்தார்.

"ஒருக்களிச்சின்னா, எந்தப் பக்கம் தம்பி?" என்றார்.

பையன் திணறி அவளைப் பார்த்தான். அவள் யாருக்கும் தெரியாமல், வளையல் போட்ட இடது கையைக் கொஞ்சம் அசைத்தாள்.

"இடது பக்கங்க, மாமா" என்றான்.